மல்டிபிள் என்ட்ரி விசா இருந்தால் பாரிஸில் ஆறு மாதம் தங்கலாமா?

கேள்வி: நான் திருச்சியைச் சேர்ந்த ரயில்வே ஓய்வூதியர். பாரிஸில் பணிபுரியும் என் மகளுக்கு நவம்பர் கடைசியில் பிரசவம். எனக்கும் என் மனைவிக்கும் இரண்டு ஆண்டுகள் செல்லுபடியாகும், பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான மல்டிபிள் என்ட்ரி ஷெங்கன் விசா இருக்கிறது. அக்டோபர் 1 அன்று பாரிஸ் சென்று டிசம்பர் 24 வரை தங்கிவிட்டு, லண்டனில் பத்து நாள் இருந்து ஜனவரி 3 அன்று திரும்பி வந்தால் புதிதாக 90 நாள் கிடைக்கும் என்று டிராவல் ஏஜென்ட் சொல்கிறார். மார்ச் இறுதி வரை தங்க நினைக்கிறோம். இது சரியா?

பதில்: சரியல்ல ஐயா. இந்த யோசனையின்படி தயவுசெய்து டிக்கெட் போட்டுவிடாதீர்கள். விசா இரண்டு ஆண்டுக்குச் செல்லும் என்பது அந்தக் காலத்துக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போய் வரலாம் என்பதை மட்டுமே குறிக்கிறது. எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தனி விதி தீர்மானிக்கிறது. எந்த 180 நாள்களை எடுத்துக்கொண்டாலும், ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் சேர்த்து நீங்கள் இருந்த நாள்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. சென்று இறங்கும் நாளும் புறப்படும் நாளும் இந்தக் கணக்கில் சேரும். லண்டனுக்குப் போய் வந்தால் கணக்கு நிற்குமே தவிர, அழியாது. (பிரிட்டன் ஷெங்கனில் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும் என்பதையும் உங்கள் ஏஜென்ட் சொன்னாரா என்று தெரியவில்லை.)

உங்கள் தேதிகளையே வைத்துப் பார்ப்போம். அக்டோபரில் 31, நவம்பரில் 30, டிசம்பரில் 24, ஆக 85 நாள்கள் முடிந்துவிடுகின்றன. ஜனவரி 3 அன்று நீங்கள் பாரிஸில் இறங்கும்போது, அன்றிலிருந்து பின்னோக்கி எண்ணும் 180 நாள்களுக்குள் அந்த 85 நாள்களும் அப்படியே இருக்கும். மீதம் ஐந்தே நாள்கள். ஜனவரி 7-க்குள் நீங்கள் வெளியேறியாக வேண்டும். அக்டோபர் 1 என்ற முதல் நாள் கணக்கிலிருந்து விழுவதே மார்ச் 30 அன்றுதான்.

பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகளை அதிகாரி புரட்டிப் பார்த்து எண்ணிய காலத்தில் சிலர் தப்பியிருக்கலாம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய முறையில், கைரேகையும் முகப்படமும் பதிவாகி, நாள்களைக் கணினியே கணக்கிடுகிறது. கூடுதலாகத் தங்கியது பதிவானால் நுழைவுத் தடை வரலாம், அடுத்த விசா மறுக்கப்படலாம். பேரக்குழந்தையை இனிமேல்தான் பலமுறை பார்க்கப் போகிறவர்களுக்கு இது சிறிய விஷயமல்ல. தங்கும் காலத்தை அங்கேயே நீட்டித்துக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள்; எதிர்பாராத நெருக்கடி, மனிதாபிமானக் காரணம் போன்ற நிலைகளுக்கே அந்த வழி திறந்திருக்கிறது. முன்கூட்டியே தேதி தெரிந்த பிரசவத்தை அந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம்.

உங்களுக்கு முறையான வழிகள் இரண்டு. இருக்கும் விசாவிலேயே போவதானால், அக்டோபரில் நாள்களைச் செலவழிக்காமல் நவம்பர் 10 அன்று சென்றால் பிப்ரவரி 7 வரை தங்கலாம். இந்தக் கணக்கு ஒவ்வொருவருக்கும் தனித்தனி என்பதால், உங்கள் மனைவி திரும்பும் சமயத்தில் நீங்களோ சம்பந்தியம்மாளோ போய்ச் சேர்ந்தால், மார்ச் இறுதி வரை மகள் தனியாக இருக்க நேராது. பல குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இருவரும் ஆறு மாதமும் சேர்ந்தே இருக்க விரும்பினால், பிரான்ஸின் நீண்டகால விசாவைப் பார்வையாளர் என்ற வகையில் கேட்க வேண்டும். புறப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்னதாக விண்ணப்பிக்க இயலாது. இந்தியாவிலிருந்தபடியேதான் விண்ணப்பிக்க வேண்டும், குறுகியகால விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள். ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம், தங்கும் காலம் முழுவதற்குமான மருத்துவக் காப்பீடு, பிரான்ஸில் எந்த வேலையும் செய்யமாட்டோம் என்ற கையெழுத்திட்ட உறுதிமொழி ஆகியவை தேவைப்படும். உங்கள் மகள் நகராட்சி அலுவலகத்தில் வாங்கித் தரும் வரவேற்புச் சான்று மூன்று மாதம் வரையிலான வருகைக்கு உரியது. நீண்டகால விசாவுக்கு, தன் வீட்டில் தங்கவைப்பதாக அவர் எழுதித் தரும் கடிதத்துடன் அவருடைய வாடகை ஒப்பந்தம், வசிப்பு அட்டை ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். விசா கிடைத்ததும் அதில் அச்சாகியிருக்கும் குறிப்பை மகளிடம் படித்துக் காட்டச் சொல்லுங்கள்: சில விசாக்களை, போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இணையத்தில் கட்டணம் செலுத்திப் பதிவு செய்தாக வேண்டும், சிலவற்றுக்கு அது தேவையில்லை. நீண்டகால விசாவில் பிரான்ஸில் இருக்கும் நாள்கள் அந்த 90 நாள் கணக்கில் சேராது.

ஒன்று விட்டுப்போகிறது. நீங்கள் மத்திய அரசு ஓய்வூதியர் என்பதால் நவம்பரில் வாழ்நாள் சான்று தர வேண்டியிருக்கும், அப்போது நீங்கள் பாரிஸில் இருக்கக்கூடும். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் நேரில் சென்று சான்று பெறலாம். எந்தப் படிவத்தில் வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும் என்பதை உங்கள் வங்கிக் கிளையில் கேட்டு எழுதிக்கொண்டு புறப்படுங்கள்.