ஜெர்சி மாடும் சிங்கிள் ஜெர்சியும்: புவியியல் வாத்தியாரிடம் கேள்வி பதில்

காங்கேயம் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் 30 வருடம் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். வகுப்பில் ஒருவரும் கேட்காத கேள்வியெல்லாம் இப்போதுதான் வந்து சேருகிறது. ராசிக்கல் போட்டால் கடன் அடையுமா என்று கேட்டிருந்த அண்ணன் மன்னிக்கவும், அது என் பாடத்தில் இல்லை. மற்றவை கீழே.

திருப்பூர், நிட்டிங் மாஸ்டர் ஒருவர்: ஏனுங்க சார், நாங்க மெஷின்ல ஓட்டறது சிங்கிள் ஜெர்சிங்கற பனியன் துணி. ஊர்ல அம்மா கட்டியிருக்கறது ஜெர்சி மாடு. ரெண்டுக்கும் எப்படிங்க ஒரே பேரு?

ஒரே ஊர் என்பதால்தான் தம்பி. இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவில் உள்ள கடலில் ஜெர்சி என்று ஒரு சின்னத் தீவு இருக்கிறது. பரப்பு சுமார் 118 சதுர கிலோமீட்டர். பிரான்சின் கரையிலிருந்து 22 கிலோமீட்டர்தான், ஆனால் பிரிட்டிஷ் முடியாட்சிக்குக் கட்டுப்பட்டது. அதற்காகப் பிரிட்டனின் பகுதி என்றும் சொல்ல முடியாது, அது தனிக்கதை.

அந்தத் தீவுக்காரர்கள் கம்பளி நூலில் காலுறையும் மேலாடையும் பின்னிப் பல நாடுகளுக்கு விற்றார்கள். பின்னல் துணிக்கே ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. ஆண், பெண், குழந்தை என்று எல்லோரும் ஊசியும் கையுமாக உட்கார்ந்துவிட்டதால் வயலுக்கு ஆள் கிடைக்கவில்லை. அதனால் 1608இல் ஒரு சட்டம் போட்டார்கள்: அறுவடைக் காலத்திலும், உரத்துக்குக் கடற்பாசி அள்ளும் காலத்திலும் 15 வயதுக்கு மேற்பட்டவர்கள் பின்னக் கூடாது! "எல்லாரும் பனியன் கம்பெனிக்குப் போயிட்டா களை எடுக்க யாரு வருவா" என்று நம் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் புலம்புவது அங்கே 400 வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறது.

மாடும் அதே தீவில் உருவான இனம்தான். 1789இல் வெளிமாடு எதுவும் தீவுக்குள் இறங்கக் கூடாது என்று தடை போட்டு, இனம் கலக்காமல் பார்த்துக்கொண்டார்கள். காங்கேயம் மாட்டுக்கு நாம் அப்படி ஒரு வேலி போட்டிருந்தால் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். சரி, அது போகட்டும்.

பனியன் என்ற சொல்லும் ஊர் சுற்றி வந்ததுதான். குஜராத்து வணிகரைக் குறித்த 'வாணியோ' என்ற சொல், போர்த்துக்கீசியர், ஆங்கிலேயர் வாயில் 'பனியன்' ஆயிற்று. அப்புறம் அந்த வணிகர்கள் போட்ட தளர்வான மேல்சட்டைக்குப் பெயராகி, கடைசியில் நம் உள்சட்டைக்கு வந்து சேர்ந்தது.

நாமக்கல், கோழிப்பண்ணைக்காரர்: அப்போ எங்க லெகார்ன் கோழிக்கும் ஊர் இருக்குங்களா?

இருக்கிறது. இத்தாலியின் மேற்குக் கரையில் லிவோர்னோ என்ற துறைமுகம். ஆங்கிலேயர் வாயில் அது லெகார்ன் ஆகிவிட்டது. கோழி கப்பலேறியதும் அதே பெயரில்தான். நீங்கள் அடுத்துக் கேட்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன்: வெள்ளை முட்டைக்கும் பழுப்பு முட்டைக்கும் சத்தில் வித்தியாசம் இல்லை. ஓட்டின் நிறம் கோழி இனத்தைப் பொறுத்தது, அவ்வளவுதான்.

சென்னிமலை, கல்லூரி மாணவி: நம்ம ஊர்ப் பேர் எதுவும் வெளிநாட்டுக்குப் போகலையா சார்?

ஊர்ப்பெயர் போனதோ இல்லையோ, கல் போயிருக்கிறது அம்மணி. உங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லை, படியூர். அங்கே பெரில் என்ற கல் கிடைத்தது. வெளிர் நீலமோ நீலப்பச்சையோ, ஆறு பட்டை வைத்த பென்சில் துண்டு மாதிரி மண்ணுக்குள் தானாகவே வளரும் படிகம். கொஞ்சம் இரும்பு கலந்தால் கடல் நீலம் வரும். அதே கல்லில் குரோமியம் கலந்தால் அதுதான் மரகதம். 1819, 1820 வாக்கில் ஹீத் என்ற ஆங்கிலேயர் படியூர்ச் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கல் எடுத்தார்.

அவருக்கெல்லாம் வெகுகாலம் முன்பே நொய்யல் கரையில் கொடுமணல் இருந்தது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் இதுதான் என்பது ஆய்வாளர்கள் கருத்து. அகழாய்வில் பாதி தீட்டிய மணி, துளை போடாத மணி, துளை போடும்போது உடைந்த மணி என்று பட்டறையே அப்படியே கிடைத்தது. எனக்கு அந்த உடைந்த மணிதான் மனசில் நிற்கிறது. 2,000 வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் கை நழுவி, "அடச்சே" என்று தூக்கிப் போட்டது அது.

ரோமாபுரியில் பிளினி என்பவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதினார்: பெரில் இந்தியாவில் விளைகிறது, வேறெங்கும் அரிது. கூடவே, இந்தியர்கள் படிகக்கல்லுக்குச் சாயமேற்றிப் போலி பெரிலும் செய்கிறார்கள் என்று ஒரு குட்டும் வைத்தார்! கல்லுக்கு மாற்றாக வந்த காசு கோவை வெள்ளலூர் மண்ணில் புதையலாகக் கிடைத்தது. 1842இல் கிடைத்த ஒரே குவியலில் 500க்கும் மேற்பட்ட ரோம வெள்ளிக்காசுகள்.

இனி சொல்லுக்கு வருவோம். பாலி மொழியில் வேளுரிய, கிரேக்கத்தில் பெரில்லோஸ், அப்புறம் பெரில். தெளிவான பெரிலைத் தேய்த்துப் பார்வைக்கு வைத்துக்கொண்ட காலத்தில், ஜெர்மானியர் கண்ணாடிக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் ஜெர்மன் மொழியில் மூக்குக்கண்ணாடிக்குப் பெயர் 'பிரில்லெ'. தமிழில் வைடூரியம் என்பதும் இதே குடும்பத்துச் சொல்தான். ஆனால் இப்போது நாம் அந்தப் பெயரில் விற்பது பூனைக்கண் கல், அது வேறு.

(இதைப் படித்துவிட்டு படியூர்ப் பக்கம் கடப்பாரையோடு போக வேண்டாம். எல்லாம் பட்டா நிலம்.)

கரூர், பஸ் பாடி கட்டுபவர்: உலகத்துலயே உசரமான மலை எவரெஸ்ட்தானே? பையன் இல்லைங்கறான்.

இருவர் சொல்வதும் சரி. கடல்மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட், 8,849 மீட்டர். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடார் நாட்டின் சிம்போராசோ. அதன் உயரம் சுமார் 6,263 மீட்டர்தான். ஆனால் பூமி நடுவில் கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது, அந்த மலை தொப்பையின் மேல் நிற்கிறது. அதனால் எவரெஸ்டைவிட சுமார் 2 கிலோமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தொப்பை எவ்வளவு என்று கணக்கிட இந்தியாவில் அளந்தவர் லாம்ப்டன் என்ற ஆங்கிலேய நில அளவையாளர். 1802இல் சென்னை பரங்கிமலை அடியில் தொடங்கி, பிறகு உங்கள் கரூரை ஒட்டிப் போகும் 78ஆம் தீர்க்கரேகை வழியாகத் தெற்கு வடக்காக அளந்தார். வானத்தில் நட்சத்திரம் பார்த்து இடம் குறித்த நிலையங்களில் ஒன்று கோவைச் சீமைப் பச்சாபாளையம். ஆங்கில ஏடுகளில் அது 'புச்சபொல்லியம்' என்று கிடக்கும், கண்டுபிடிக்கச் சிரமம். கோணம் அளக்கும் அவரது பெரிய கருவி அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து அடிபட்டது. மனிதர் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டிச் சரிசெய்தார். அவருக்குப் பின் அந்த வேலையை ஏற்றவர்தான் எவரெஸ்ட். மலைக்குத் தன் பெயரை வைப்பதில் அவருக்கு இஷ்டமே இல்லை.

பவானி, ஜமக்காள வியாபாரி: அதிக நேர மண்டலம் உள்ள நாடு ரஷ்யாதானுங்க?

பிரான்சு. உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்கும் தீவுகளையும் சேர்த்து 12. ரஷ்யாவுக்கு 11.

கோபி, ஏழாம் வகுப்புப் பாப்பா: மத்தியானம் 12 மணிக்கு நிழல் காலடியில விழும்னு டீச்சர் சொன்னாங்க. எனக்கு விழலீங்க ஐயா.

கண்ணு, தப்பு உன் மேல் இல்லை. நம் கடிகாரம் ஓடுவது 82½ பாகை தீர்க்கரேகைக்கு. கோபி அதற்கு 5 பாகை மேற்கே. பாகைக்கு 4 நிமிடம், ஆக 20 நிமிடம் பின்தங்கிவிடும். உன் ஊர் உச்சிப்பொழுது 12.20 வாக்கில்தான். அதுவும் வருடத்தில் இரண்டு முறைதான் நிழல் முழுக்கக் காணாமல் போகும்: ஏப்ரல் 20, 21 வாக்கில் ஒரு தரம், ஆகஸ்ட் 22, 23 வாக்கில் ஒரு தரம். டெல்லிப் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினையும் கிடையாது, அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை.

அன்றைக்கு வாசலில் ஒரு சொம்பைக் கவிழ்த்து வைத்து 12.10க்கே உட்கார்ந்துகொள். நிழல் சுருங்கிச் சுருங்கிச் சொம்புக்கடியில் ஒளிந்துகொள்ளும். இன்னொன்றும் பார்: அந்த இரண்டு தேதிக்கும் நடுவில், மே, ஜூன், ஜூலையில், உச்சி வெயிலில் உன் நிழல் தெற்கே விழும். பாட்டியிடம் கேள், அந்த மாசங்களில் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வருகிறதா என்று.