பள்ளி வாசலில் ஒட்டிய கணக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

கென்யாவின் அதிகாரப் பகிர்வு பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். 2010 அரசியல் சட்டம் 47 கவுண்டிகளை (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதிகளை) உருவாக்கியது, நாட்டின் வருவாயில் குறைந்தது 15 சதவீதம் அவற்றுக்குப் போக வேண்டும் என்று எழுதிவைத்தது, அதற்குப் பிறகும் 2017இல் செவிலியர்கள் ஐந்து மாதம் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்று சொல்லியிருந்தீர்கள். எனக்கு என்னவோ ஆப்பிரிக்க நாடுகளுக்கு இந்தப் பகிர்வெல்லாம் இப்போதைக்கு ஆடம்பரம் என்றுதான் தோன்றுகிறது. கண்டிப்பான ஒரு தலைவர் வேண்டும், கணக்கு வழக்கு முழுக்கக் கணினியில் ஏற வேண்டும். இந்த இரண்டும் இருந்தால் போதும். ருவாண்டா அதைச் செய்துகாட்டவில்லையா? போட்ஸ்வானாவும் ஒரே கட்சியின் கையில் இருந்ததால்தானே முன்னேறியது? மக்கள் கேள்வி கேட்க வேண்டும் என்கிறீர்கள். பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவர்கள் அரசாங்கத்தை எப்படிக் கேள்வி கேட்பார்கள்?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அதற்கு உகாண்டாவில் ஒரு பதில் இருக்கிறது, அதுவும் பள்ளிக்கூட வாசலிலேயே.

1990களின் முதல் பாதியில் உகாண்டா அரசு தொடக்கக் கல்விக்கு ஒதுக்கும் பணம் கூடிக்கொண்டே போனது. ஆனால் அரசாங்கப் புள்ளிவிவரத்தில் மாணவர் எண்ணிக்கை அசையவே இல்லை. பணம் எங்கேதான் போகிறது என்று பார்க்க 1996இல் 250 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு நேரில் ஆளனுப்பி, பதிவேடுகளைப் பிரித்துப் பார்த்தார்கள். சம்பளம் போக மற்ற செலவுகளுக்காக, மாணவருக்குத் தலைக்கு இவ்வளவு என்று பள்ளிகளுக்கு ஒரு மானியம் உண்டு. 1991 முதல் 1995 வரை அதில் சராசரியாக 13 சதவீதம்தான் பள்ளிகளுக்கு வந்து சேர்ந்திருந்தது. பெரும்பாலான பள்ளிகளுக்கு ஒரு ஷில்லிங்கூட வரவில்லை. மீதியெல்லாம் மாவட்ட அலுவலகங்களிலேயே தங்கிவிட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை, மாணவர் எண்ணிக்கை உண்மையில் 60 சதவீதம் கூடியிருந்தது. பள்ளிப் பதிவேட்டில் இருந்த பிள்ளைகள் தலைநகரின் கணக்கில் இல்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. அதே மாவட்டங்கள் வழியாகத்தான் ஆசிரியர் சம்பளமும் போனது. அதில் கசிவு மிகக் குறைவு. ஏன்? தன் சம்பளம் எவ்வளவு என்று ஆசிரியருக்குத் தெரியும், குறைந்தால் சண்டைக்குப் போவார். மானியம் என்று ஒன்று வருவதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. அவர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுப் பள்ளியை நடத்திக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் வசதியான ஊர்ப் பள்ளிகள் அதே மாவட்டத்தில் கூடுதலாகப் பணம் வாங்கியிருந்தன, விடாமல் போய்க் கேட்கக்கூடிய ஆட்கள் அங்கே இருந்தார்கள் என்பதால்.

மாவட்ட அதிகாரிகளைத் திருடர்கள் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. பணவீக்கம் தாங்காமல் 1987இல் பழைய 100 ஷில்லிங்கை ஒரு புது ஷில்லிங்காக மாற்றிய நாடு அது. சம்பளத்தை வைத்துக் குடும்பம் நடத்த முடியாத ஊழியர்களின் கை வழியாகத்தான் அந்த நாட்டின் பணம் முழுவதும் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் அரசு செய்தது எளிமையான காரியம். எந்த மாவட்டத்துக்கு இந்த மாதம் எவ்வளவு அனுப்பினோம் என்று செய்தித்தாளில் போட்டது, வானொலியில் சொன்னது. வந்த தொகையைப் பள்ளியிலேயே எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டச் சொன்னது. 2001 வாக்கில் பள்ளிகளுக்குச் சேர்ந்த பங்கு 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது.

சரி, செய்தித்தாள் ஒன்றே இதைச் சாதித்தது என்று சொன்னால் நான் உங்களை ஏமாற்றுவதாகும். 1997இல் இலவசத் தொடக்கக் கல்வித் திட்டம் வந்தது, கருவூல நடைமுறைகளும் அதே சமயத்தில் மாறின. எது எவ்வளவு உதவியது என்று பொருளியலாளர்கள் பிறகு நிறையவே சண்டை போட்டார்கள். பணம் வந்ததோடு எல்லாம் சரியாகிவிடவும் இல்லை. சில வருடங்கள் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிகளுக்குப் போய்ப் பார்த்தபோது, ஆசிரியர்களில் 27 சதவீதம் பேர் பள்ளியில் இல்லை. ஆனாலும் எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தாய்கூட, 'இவ்வளவு வந்ததாமே, எங்கே?' என்று தலைமையாசிரியரைக் கேட்கலாம். அதற்குத் தேவை அந்தத் தொகையைப் பற்றிய தகவல். பள்ளிப் படிப்பு வேண்டியதில்லை.

கணினிக்கு வருகிறேன். அதன் பயனை நான் மறுக்கவில்லை. தான்சானியாவில் 2016இல் சம்பளப் பட்டியலைச் சல்லடை போட்டபோது இல்லாத ஊழியர்கள் 10,000 பேருக்கு மேல் அகப்பட்டார்கள். நைஜீரியாவிலும் அதே வருடம் 20,000க்கும் அதிகமான பெயர்களை நீக்கினார்கள். வங்கி அடையாள எண்ணோடு பட்டியலை ஒப்பிட்டதால் கிடைத்த பலன் அது. (ஆங்கிலத்தில் இவர்களைப் பேய் ஊழியர்கள் என்பார்கள். மாதாமாதம் சம்பளம் வாங்கும் பேய்!) ஆனால் மலாவியையும் பாருங்கள். அங்கே அரசின் நிதிக் கணக்கு முழுக்கக் கணினியில்தான் இருந்தது. 2013இல் சிலர் அந்த மென்பொருளுக்குள் புகுந்து போலிப் பட்டுவாடாக்கள் செய்தார்கள், பிறகு அவற்றின் பதிவையும் அழித்தார்கள். சில மாதங்களில் 3 கோடி டாலருக்கு மேல் போய்விட்டது. அரசு ஊழியர்களின் கார்களிலும் வீடுகளிலும் கட்டுக்கட்டாகப் பணம் கிடைத்தது. நிதியமைச்சகத்தின் பட்ஜெட் இயக்குநர் சுடப்பட்டு உயிர்தப்பிய பிறகுதான் விஷயம் முழுமையாக வெளியே வந்தது. கடவுச்சொல் யாரிடம் இருந்ததோ அவர்களுக்குக் கணினி உண்மையாக வேலை செய்தது, அவ்வளவுதான்.

ருவாண்டாவை நீங்கள் சொன்னது நியாயமான உதாரணம். 2006 முதல் அங்கே 'இமிஹிகோ' என்ற ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு மாவட்ட மேயரும் இந்த வருடம் இத்தனை வகுப்பறை, இத்தனை கிலோமீட்டர் சாலை, இத்தனை பேருக்கு மருத்துவக் காப்பீடு என்று அதிபர் முன்னிலையில் கையெழுத்துப் போட வேண்டும். வருடக் கடைசியில் மதிப்பெண் போடுகிறார்கள். பல விஷயங்கள் நடந்தும் இருக்கின்றன, மருத்துவக் காப்பீடு அதில் முதலாவது. எனக்கு இடிப்பது ஒன்றுதான். அந்த மேயர் பயப்படுவது மேலே இருப்பவருக்கு. இலக்கு எட்டவில்லை என்று யாராவது தைரியமாக எழுதி அனுப்புவாரா? 2024 தேர்தலில் அதிபர் ககாமே 99 சதவீத ஓட்டு வாங்கினார். அப்படிப்பட்ட நாட்டில் மேயர் கொடுத்த கணக்கைக் கீழே இருக்கும் ஒருவர் எழுந்து நின்று பொய் என்று சொல்ல முடியுமா? உகாண்டாவின் பழைய புள்ளிவிவரமும் மேலே அனுப்பிய கணக்குதான்.

போட்ஸ்வானா விஷயத்தில் நீங்கள் சொல்வது பாதி சரி. 1966இல் விடுதலை பெற்றபோது அந்த நாட்டில் தார்ச்சாலை 12 கிலோமீட்டர்தான் இருந்ததாகச் சொல்வார்கள். முதல் அதிபர் செரெட்சே காமா, பாமங்வாட்டோ இனத்தின் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவர் காலத்தில், 1967இல், கனிம உரிமைகள் இனக்குழுக்களிடமிருந்து அரசுக்கு மாறின. தன் இனத்தின் நிலத்தில் கிடைக்கும் வைரத்தையும் சேர்த்துத்தான் அவர் பொதுவில் வைத்தார். அவருடைய கட்சி 58 வருடம் தொடர்ந்து ஆண்டது உண்மை. ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எதிர்க்கட்சிகளோடு போட்டியிட்டுத்தான் ஆண்டது. 2024இல் வைர விற்பனை சரிந்து வேலையில்லாத் திண்டாட்டம் கூடியிருந்த நேரத்தில் அந்தக் கட்சி படுதோல்வி அடைந்தது. அதிபர் மசிசி ஓட்டு எண்ணி முடிவதற்குள்ளேயே தோல்வியை ஒப்புக்கொண்டார். அடுத்த சில மணி நேரத்தில் எதிர்க்கட்சித் தலைவர் டூமா போகோ பதவி ஏற்றார்.