செர்ட்ராலினோடு அந்த மூலிகை வேண்டாம்

சகோதரி, மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மாத்திரை சாப்பிடும்போதே, ஜெர்மனியிலிருந்து அக்கா அனுப்பிய செயின்ட் ஜான்ஸ் வோர்ட் மூலிகையையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம்.

அந்த மஞ்சள் பூச்செடி சும்மா இல்லை. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்குப் பலன் தருவதாகப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஜெர்மனியில் மருத்துவர்களே எழுதித் தருகிறார்கள். வேலை செய்கிறது என்பதால்தான் எனக்குப் பயம். இரண்டுமே மூளையில் செரோடோனின் என்ற வேதிப்பொருளை ஏற்றுபவை. சேர்ந்தால் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, காய்ச்சல், குழப்பம் வரை போகலாம். ஏற்கெனவே போட்டுப் பார்த்து இப்படி ஏதாவது இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அப்புறம், கருத்தடை மாத்திரை எடுப்பதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்தியது. இந்த மூலிகையில் உள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள், மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகளை முடுக்கிவிடும். கருத்தடை மாத்திரை வேலை செய்வதற்குள் உடம்பை விட்டுப் போய்விடும். மாதவிலக்குக்கு நடுவே திடீரென ரத்தம் பட்டால் கவனியுங்கள். மூலிகையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரமாவது இந்த விளைவு இருக்கும்.

செர்ட்ராலின் போதவில்லை என்றால் நீங்களாக நிறுத்தாதீர்கள். ‘யொஹானிஸ்க்ரவுட்’ என்று இந்த மூலிகையின் ஜெர்மன் பெயர் எழுதிய அந்த டப்பாவையே கையோடு எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.