ஃபேன் வாங்கும் முன் பக்கவாட்டுக் கதவைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: என் கம்ப்யூட்டரில் ரைசன் 5 5600 பிராசஸரும் ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும் இருக்கின்றன. கேம் ஆடும்போது பிராசஸர் 84 டிகிரி, கார்டு 79 டிகிரி காட்டுகிறது. கேபினட்டில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு ஃபேன். இன்னும் மூன்று மாட்டச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். உங்கள் பிராசஸருக்கு ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பு 90 டிகிரி, கார்டுக்கு என்விடியா சொல்வது 93. ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் பிராசஸரில் மிச்சம் குறைவு. அது ஏன் என்று தெரியாமல் ஃபேன் வாங்கினால் காசு வீணாகலாம்.

நீங்கள் எழுதாமல் விட்ட எண் அறை வெப்பம். ஏசி ஓடும் 26 டிகிரி அறையில் 84 என்றால் வித்தியாசம் 58. மே மாத மத்தியானம் 37 டிகிரியில் அதே 84 என்றால் வித்தியாசம் 47 தான். இரண்டும் ஒன்றல்ல. சாதாரண தெர்மாமீட்டர் ஒன்றை கேபினட்டின் முன்பக்கம், காற்று உள்ளே போகும் இடத்தருகே வைத்து, ஒவ்வொரு முறையும் அந்த அளவைக் கழித்துப் பாருங்கள்.

அளக்க ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் போதும், இலவசம்தான். கேமை ஆரம்பித்துப் பத்து நிமிடம் சூடாக விட்டு, அதன் சென்சார் ஜன்னலில் கீழே இருக்கும் கடிகாரப் பொத்தானை அழுத்துங்கள், பழைய எண்கள் அழியும். அப்புறம் அரை மணி நேரம் ஆடிவிட்டு சராசரிப் பத்தியைப் பாருங்கள். ரைசன் ஒரு நொடிக்குள் பத்து டிகிரி ஏறி இறங்கும் என்பதால் உச்ச எண்ணை நம்பி முடிவெடுக்கக் கூடாது. சும்மா இருக்கும்போது காட்டும் எண்ணும் இதற்கு உதவாது.

இப்போது முக்கியமான சோதனை. பக்கவாட்டுக் கதவைக் கழற்றிவிட்டு அதே கேமை, அதே இடத்தில், அதே அளவு நேரம் ஆடுங்கள். இரண்டு மூன்று டிகிரிதான் குறைந்தது என்றால் கேபினட் மேல் குற்றமில்லை. ஏழெட்டு டிகிரி இறங்கினால் உள்ளே காற்று தேங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கதவைத் திறந்தும் கார்டு 79லேயே நிற்கலாம். உடனே காற்றோட்டம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்ந்த காற்று கிடைத்ததும் கார்டு தன் ஃபேனின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், வெப்பம் அப்படியே இருக்கும். அதனால் ஃபேன் வேகத்தையும் சேர்த்துக் குறியுங்கள். நிமிடத்துக்கு 1,900 சுற்றிலிருந்து 1,400க்கு இறங்கியிருந்தால், கதவு மூடியிருக்கும்போது கார்டு மூச்சுத் திணறுகிறது என்று பொருள். சோதனை முடியும்வரை ஃபேன் வேகத்தை எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் நிலையாக வைத்துவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

பிராசஸருக்குத் தனியாக இன்னொரு சோதனை: கேமை மூடிவிட்டு, கதவையும் மூடி, பிராசஸரை முழு வேகத்தில் வேலை வாங்கும் சினிபெஞ்ச் ஆர்23 என்ற சோதனை மென்பொருளைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். இதில் பிராசஸர் கேமில் எடுப்பதைவிட அதிக மின்சாரம் எடுக்கும். அப்படியும் 74தான் வருகிறது, கேமில் மட்டும் 84 என்றால், அந்தச் சூடு பிராசஸருடையதல்ல. 170 வாட் இழுக்கும் கார்டு கக்கும் வெப்பம் வெளியேற வழியில்லாமல் மேலே ஏறி பிராசஸர் கூலருக்குள் போகிறது. ஃபேன் இங்கே பலன் தரும். சினிபெஞ்சிலும் 84ஐத் தாண்டினால் கூலர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா, பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறதா, கூலரின் உலோகத் தகடுகளான ஹீட்சிங்கில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு மூன்று ஃபேன் அல்ல, முப்பது மாட்டினாலும் பயனில்லை.

கேபினட்தான் காரணம் என்று தெரிந்தாலும் முதலில் முன்பக்க டஸ்ட் ஃபில்டரைக் கழுவிக் காயவையுங்கள். முன் ஃபேன் உள்ளே இழுக்கிறதா என்று ஒரு டிஷ்யூ தாளைக் காட்டிப் பாருங்கள், தலைகீழாக மாட்டிய ஃபேனை நான் அடிக்கடி பார்க்கிறேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருந்தால் அதைக் கழற்றி வைத்தும் ஒரு முறை அளந்து பாருங்கள். அதிலேயே வெப்பம் இறங்கினால், ஃபேனுக்குச் செலவழிக்கும் பணத்தை வலை முகப்புள்ள கேபினட்டுக்குப் போடுவதுதான் நல்லது. இல்லையென்றால் முன்னால் ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள். அடுத்தது தேவையா என்பதை அப்போது முடிவு செய்யலாம்.