இங்கிலீஷுக்காக வீட்டில் தமிழை நிறுத்தணுமா? டீச்சர் பதில்கள்

பாலக்காடு, இடுக்கி எல்லையில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வந்த கேள்விகளில் சில.

கொழிஞ்சாம்பாறை அம்மா: டீச்சர், பையனை ஆறாவது வரை தமிழில் படிக்க வைத்து, ஏழாவதில் இங்கிலீஷ் மீடியம் மாற்றினோம். வீட்டிலும் இங்கிலீஷே பேசச் சொல்கிறார்கள். எங்களுக்கு அவ்வளவு வராது.

வேண்டவே வேண்டாம்மா. வராத மொழியில் பேசப் போனால் வீட்டில் பேச்சே நின்றுபோகும். ராத்திரி சோறு போடும்போது, இன்றைக்கு என்ன பாடம் என்று தமிழிலேயே கேளுங்கள். போட்டோசிந்தசிஸ் என்பான். ஒளி, சேர்க்கை என்று பிரித்துக் காட்டுங்கள். மலையாளத்தில் பிரகாச சம்ஸ்லேஷணம். மூன்றிலும் அதே ஒளி, அதே சேர்க்கை. பொருள் தமிழில் பிடிபட்ட பிள்ளைக்குப் புதுப் பெயர் ஒன்றுதான் பாரம்.

அவரே: எத்தனை மாதத்தில் சரளமாகும்?

மாதக்கணக்கு வேண்டாம். கனடாவில் குடியேறிய பிள்ளைகளைப் பார்த்து ஜிம் கம்மின்ஸ் என்ற மொழிக் கல்வி ஆய்வாளர் சொன்னது: பேச்சுக்குச் சுமார் 2 வருடம், பாடப்புத்தக மொழிக்கு 5 முதல் 7 வருடம். அவர்களைச் சுற்றி நாள் முழுக்க இங்கிலீஷ். நம் பிள்ளைக்குப் பள்ளி விட்டால் ஏது? முதல் பரீட்சை மார்க்கைப் பார்த்துத் திட்டாதீர்கள்.

வண்டிப்பெரியாறு ஆசிரியை: எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வரும் ரெண்டாம் வகுப்புப் பெண், ஜூனிலிருந்து இங்கிலீஷ் பீரியடில் வாயே திறக்கவில்லை.

கதவைச் சாத்து என்று இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். எழுந்து போனால் மொழி உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. சில பிள்ளைகள் மாதக்கணக்கில் கேட்டுவிட்டுத்தான் பேசும். தனியாக எழுப்பி நிற்க வைக்காதீர்கள், பாவம். முதலில் விரலால் காட்டட்டும், அப்புறம் கூட்டத்தோடு சேர்ந்து சொல்லட்டும். தோழிகளிடம் தமிழிலும் பேசவில்லை என்றால் மட்டும் காது பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

மூணாறு மாணவி: எஸ்எஸ்எல்சி தமிழில் எழுதலாமா?

தமிழ் மீடியம் என்றால் தாராளமாக. கேரளத்தில் வினாத்தாள் தமிழிலும் வருகிறது.

பாலக்காட்டுச் சித்தூர் அப்பா: மகன் இங்கிலீஷில் 'பி' எழுத்துகள் இரண்டையும் (p, b) மாற்றி மாற்றி எழுதுகிறான். மலையாளம் நன்றாக எழுதுவான்.

கவனக்குறைவு இல்லை. பெரிய என்பதற்கும் பொறுக்கு என்பதற்கும் உள்ள இங்கிலீஷ் சொற்களைத் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிக்'. நமக்கு ஒரே 'ப'. தொண்டையில் விரல் வைத்து 'பம்பரம்' சொல்லச் சொல்லுங்கள். முதல் 'ப'வில் உதடு பிரிந்த பிறகுதான் அதிரும். அடுத்த 'ப'வில் உதடு மூடியிருக்கும்போதே அதிரும். அந்த அதிர்வுதான் வித்தியாசம். மலையாளத்தில் இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டே, அதையே பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.