பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குக் கடலோர ஊரில் முகாம்: வெக்கைக்கும் புயலுக்கும் எப்படித் திட்டமிடுவது?

கடலூர்ப் பக்கம் ஒரு கடலோர ஊரில், அப்பாவையோ அம்மாவையோ பறிகொடுத்த முப்பது பிள்ளைகளுக்கு மே விடுமுறையில் மூன்று நாள் முகாம் நடத்தப் போவதாகவும், வெக்கை, புழுக்கம், திடீர் மழை இவற்றுக்கு எப்படித் தயாராவது என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

நான் வேதாரண்யம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையேறிய பிறகு, நாங்கள் நான்கைந்து பேர் சேர்ந்து இந்த மாதிரி முகாம்களை நடத்தி வருகிறோம். நான் மனநல மருத்துவர் இல்லை. நடத்தி, தவறு செய்து, திருத்திக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதல் தவறு முகாம் தொடங்கும் முன்பே நடந்தது. 2019 ஏப்ரல் கடைசி வாரத்துக்கு நாள் குறித்திருந்தோம். ஃபானி புயல் தமிழ்நாட்டுப் பக்கம் வரலாம் என்று அப்போது ஒரே பேச்சு. முகாமைத் தள்ளிவைத்து, எல்லா வீட்டுக்கும் போனில் செய்தி அனுப்பினோம். புயல் இங்கே வரவில்லை. திசை மாறி மே 3 அன்று ஒடிசாவில் பூரி அருகே கரையைக் கடந்தது. முகாம் தொடங்க வேண்டிய அன்று காலை, பேருந்து நிறுத்தத்தில் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தான். பாட்டியின் போனில் செய்தி வந்ததை யாரும் பார்க்கவில்லை. நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி. "வருவோம்னு சொன்னீங்களே டீச்சர்" என்று மட்டும் கேட்டான். அவன் அப்பா "சாயங்காலம் வந்துடுறேன்" என்று சொல்லிவிட்டுப் போனவர். வரவில்லை.

அதனால் முகாமைத் தள்ளிவைக்க நேர்ந்தால் போனில் சொல்லாதீர்கள். முந்தின நாளே ஆள் போய், பிள்ளையின் முகத்தைப் பார்த்து, மாற்றுத் தேதியையும் கையோடு சொல்லிவிட்டு வரவேண்டும். இதற்காகவே முகாமுக்கு இரண்டு தேதி குறியுங்கள், இரண்டையும் அழைப்பிலேயே எழுதுங்கள். வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை விட்டால் இரண்டாவது தேதி என்று பிள்ளைக்கு முதல் நாளிலிருந்தே தெரிந்திருந்தால், அது ஏமாற்றமாக இருக்காது. சொன்னபடி நடந்ததாக இருக்கும்.

இரண்டாவது தவறு, தள்ளிவைத்த முகாமை மே நடுவில் வைத்தது. அக்னி நட்சத்திரம். ஒரு கல்யாண மண்டபத்தைக் குறைந்த வாடகைக்குப் பிடித்தோம்; மேலே தகர ஷீட். மேலே பார்த்து நான்கு மின்விசிறி ஓடுகிறது, போதும் என்று நினைத்தேன். மூன்றாவது மணி நேரத்திலேயே பிள்ளைகள் துவண்டுவிட்டார்கள். மே மாதத்தில் கச்சான், அதாவது மேற்கே இருந்து வரும் தரைக்காற்று, அழுத்தி அடிக்கும் நாட்களில் கொண்டல் என்கிற கிழக்குக் கடல்காற்று உள்ளே ஏறவே நேரமாகும்; அதுவரை ஊர் அடுப்பு மாதிரி வேகும். கடலோரத்தில் வெப்பமானியை மட்டும் நம்ப முடியாது. 32 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் உடம்புக்கு 42 டிகிரி போல இருக்கும், ஏனென்றால் வேர்வை ஆறாது. வேர்வை ஆறினால்தான் உடம்பு குளிரும். மின்விசிறி வெந்த காற்றையே சுற்றிச் சுற்றி அடிக்கும்.

இதில் துக்கத்துக்கும் வெக்கைக்கும் உள்ள ஒரு சிக்கலைக் கவனியுங்கள். தலைவலி, வயிற்றுவலி, சோர்வு, எரிச்சல், சாப்பாடு வேண்டாம் என்பது, ஓரமாகப் போய்ப் படுத்துக்கொள்வது. இதெல்லாம் துக்கத்திலும் வரும், உடம்பில் நீர் வற்றினாலும் வரும். முதல் முகாமில் ஒரு பெண் மதியம் முழுக்க அழுதாள். அம்மாவை நினைத்து அழுகிறாள் என்று எண்ணி இரண்டு அக்காமார் மாறி மாறிப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தார்கள். கடைசியில் பார்த்தால் பிள்ளை காலையிலிருந்து ஒருமுறைகூட சிறுநீர் போகவில்லை. மண்டபத்துக் கழிப்பறைக்குப் போகக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறாள். அன்றிலிருந்து எங்கள் வழக்கம்: முதலில் தண்ணீர், நீர்மோர் அல்லது உப்புச் சர்க்கரைக் கரைசல், நிழல், கால்மணி நேரம், பேச்சு அப்புறம். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் தயங்காமல் போகிற மாதிரி தாழ்ப்பாள் உள்ள, தண்ணீர் உள்ள, வெளிச்சம் உள்ள கழிப்பறை இருக்கிறதா என்று இடம் பார்க்கும்போதே பாருங்கள். அது இல்லாத இடத்தில் முகாம் வேண்டாம். உளறல், தடுமாற்றம், கொதிக்கும் உடம்பு என்று வந்தால் காத்திருக்காமல் 108.

மே வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். தெருவில் எல்லா வீட்டு அப்பாக்களும் மரத்தடியில் வலை பின்னிக்கொண்டு இருப்பார்கள். அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்த அறுபத்தொரு நாள் தனி வேதனை. அந்த மாதங்களில் நாங்கள் சாயங்காலச் சந்திப்பு மட்டும் வைக்கிறோம், இரண்டு மணி நேரம், பிள்ளைகள் வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். சுனாமியில் உறவுகளை இழந்த வீடுகளில் டிசம்பர் 26 நெருங்கும்போதே முகம் மாறிவிடும். மிச்சம் இருப்பதில் எனக்குப் பிடித்தது பொங்கல் முடிந்து பிப்ரவரி நடு வரைக்கும் உள்ள சனி ஞாயிறுகள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. மூன்று நாள் கிடைக்காது, இரண்டு நாள்தான் கிடைக்கும். வெந்து கிடக்கும் மூன்று நாளைவிட அந்த இரண்டு நாள் மேல்.

அந்தத் தகரக் கூரைக்கு வருகிறேன். இரண்டாம் நாள் சாயங்காலம் ஆறரைக்கு விளக்கேற்றும் நேரம். எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம். கோடை மழை. முதலில் காற்று, அடுத்து சரசரவென்று தகரத்தின் மேல் மழை. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. கரண்டு போனது. கஜா ராத்திரியில் கேட்ட சத்தமும் கிட்டத்தட்ட அதுதான். ஏழெட்டுப் பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சுவரோரம் ஒடுங்கிவிட்டார்கள். எங்களிடம் திட்டம் என்று ஒன்றும் இல்லை. பெரியவர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடினோம். நாங்கள் ஓடியதுதான் அவர்களை அதிகம் பயமுறுத்தியிருக்கும்.

அதற்குப் பிறகு முகாமின் முதல் மணி நேரத்தை மழை ஒத்திகைக்கு ஒதுக்கிவிட்டோம். பாட்டு, பெயர் சொல்லும் விளையாட்டு எல்லாம் அதற்கு அப்புறம். மழை வந்தால் எந்த அறைக்குப் போகிறோம், யார் யார் கையைப் பிடிக்கிறோம், விளக்கு எங்கே, கரண்டு போனால் என்ன நடக்கும், வீட்டுக்கு யார் போன் செய்வார்கள், எல்லாவற்றையும் பிள்ளைகளோடு நடந்தே காட்டுவோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை. ஒருவன் தலை எண்ணுவான், ஒருத்தி அரிக்கேன் விளக்கை எடுப்பாள், இரண்டு பேர் பாயைச் சுருட்டுவார்கள். கடல் சொல்லாமல் கொள்ளாமல் வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனதைப் பார்த்த பிள்ளைக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிவதைவிடப் பெரிய ஆறுதலை நான் பார்த்ததில்லை. இடிக்கும் ஒரு கணக்கு சொல்லிக் கொடுப்போம். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணு. மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் எல்லாரும் உள்ளே. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே போகக் கூடாது. நம் ஊர்ப் பாட்டிகள் இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார்கள் அல்லவா, அதையே பிள்ளைகள் எண்ணிக்கையாக மாற்றிக்கொண்டார்கள். ஓர் அர்ச்சுனா, ரெண்டு அர்ச்சுனா. காதைப் பொத்திய கைகள் விரல் மடக்கி எண்ணத் தொடங்கின.

இடத்துக்கு: கான்கிரீட் கட்டடம் ஒன்று, அதை ஒட்டி கீற்றுப் பந்தல் ஒன்று. பகலில் பந்தல், மழையென்றால் கட்டடம். சாமியானா வேண்டாம், கீழே புழுங்கும், காற்றில் பாய் மாதிரி விரிந்து கம்பத்தோடு பிடுங்கும். தென்னந்தோப்பு பார்க்க அழகு, காற்று நாளில் மட்டையும் காயும் தலையில் விழும். கடலோரத்தில் பல இடங்களில் அரசு கட்டிய புயல் பாதுகாப்பு மையங்கள் இருக்கின்றன, உறுதியான கட்டடங்கள். ஆனால் புயல் ராத்திரியை அதே கூடத்தில் கழித்த பிள்ளைகள் உங்கள் குழுவில் இருந்தால் முதலில் கேளுங்கள். எங்களிடம் ஒரு பையன் வாசலோடு நின்றுவிட்டான்.

நேரத்தைப் பொறுத்தவரை, மனசைத் தொடும் பேச்சு எல்லாம் காலை ஆறரை முதல் ஒன்பது வரை. பதினொன்று முதல் நான்கு வரை நிழல், பாய், பல்லாங்குழி, தூக்கம். சாயங்காலம் ஓட்டம், விளையாட்டு. துக்கத்திலிருக்கும் பிள்ளை ஒரு நிமிடம் அழும், அடுத்த நிமிடம் கபடிக்கு ஓடும். அது இயல்பு. இழப்பின் பக்கமும் வாழ்க்கையின் பக்கமும் மாறி மாறிப் போய்வருவதுதான் துக்கத்தின் நடை என்று ஸ்ட்ரோப், ஷுட் என்ற இரு ஆய்வாளர்கள் 1999இல் எழுதினார்கள். வெயில் நம் நேரத்தை அப்படித்தான் பிரித்துக் கொடுக்கிறது, அதோடு ஒத்துப்போனால் போதும். சாப்பாட்டில் தேங்காய்ச் சட்னியைத் தவிருங்கள், அந்தப் புழுக்கத்தில் மதியத்துக்குள் ஊசிவிடும்.

மேல்நாட்டு முகாம்களில் நினைவுப் பெட்டி செய்வார்கள். அட்டைப் பெட்டியில் படம், கடிதம், சின்னச் சின்னப் பொருள்கள். நாங்களும் செய்தோம். உப்புக்காற்றில் பசை காயவில்லை, ஸ்கெட்ச் மை ஊறிப் பரவியது, ஐப்பசி மழைக்குள் பாதிப் பெட்டிகள் பூசணம் பிடித்துவிட்டன. ஒரு பெண் அதைக் கொண்டுவந்து காட்டினாள். அம்மாவின் படம் கண்ணாடித் தாளோடு ஒட்டி, பிரித்தால் முகம் கிழிந்துவிடும் நிலையில் இருந்தது. இப்போது எவர்சில்வர் டப்பா தருகிறோம். பாத்திரக் கடையில் பேர் வெட்டித் தருவார்களே, பிள்ளைகளையே கூட்டிக்கொண்டு போய் அவர்கள் சொல்லும் பேரை வெட்டச் சொல்கிறோம். ஒரு பையன் அப்பாவின் படகுப் பேரைச் சொன்னான். இன்னொருத்தி வெறும் "அம்மா" போதும் என்றாள். வெட்டுகிறவர் அந்த மூன்று எழுத்துக்கும் மெனக்கெட்டுப் புள்ளி புள்ளியாக உளி வைத்தார், அவள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றாள். படமே இல்லாத வீடுகள் உண்டு, எல்லாம் தண்ணீரில் போயிருக்கும். வாக்காளர் அட்டை, உறவுக்காரர் கல்யாண ஆல்பம் இவற்றிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிக் கொடுக்கலாம். இதை முகாமுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள்.

உடல் கிடைக்காத வீட்டுப் பிள்ளைகளிடம் கூடுதல் கவனம் வேண்டும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது கன்னியாகுமரி மீனவர்கள் பலர் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். திரும்பாதவர்களில் நிறையப் பேரின் உடல் கிடைக்கவே இல்லை. பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களிலேயே இந்த மாதிரி இழப்புக்கு, இறந்தாரா இருக்கிறாரா என்று முடிவு தெரியாத இழப்புக்கு, தனிப் பெயர் வைத்து எழுதியிருக்கிறார். அந்தப் பிள்ளையிடம் "இறந்துபோன அப்பாவுக்குக் கடிதம் எழுது" என்று சொல்லாதீர்கள். "அப்பாவுக்கு எழுது" போதும். விளக்கேற்றும்போதும் யார் பேரையும் நாம் முந்திக்கொண்டு சொல்லக் கூடாது. மெழுகுவத்தி கடல்காற்றில் நிற்காது. தான் ஏற்றிய சுடர் அணைவதைப் பிள்ளை பார்க்கவும் கூடாது. கண்ணாடிச் சிமினி போட்ட விளக்கு வையுங்கள். மழை வந்தால் அதே வட்டம், அதே விளக்கு, கட்டடத்துக்குள்.

கடலைப் பார்க்கப் போவதா என்று எல்லா முகாமிலும் கேள்வி வரும். கடல் சத்தம் கேட்காத தூரத்தில் முகாம் வைத்து, கடைசி நாள் விடியற்காலையில், விரும்புகிறவர்களை மட்டும் கூட்டிப் போகிறோம். வராதவர்களோடு ஒரு பெரியவர் தங்கி இட்லி அவிப்பார். இரண்டுக்கும் ஒரே மரியாதை.

உங்கள் மாவட்ட மனநலத் திட்ட உளவியலாளரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். சில பிள்ளைகளுக்கு முகாம் போதாது. 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணையும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் வீட்டாரிடம் எழுதிக் கொடுங்கள். துணைக்கு வரும் பெரியவர்களில், தாங்களே ஒரு வருடத்துக்குள் யாரையாவது இழந்தவர்கள் இருந்தால் சமையல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள், வட்டத்தில் உட்கார வைக்க வேண்டாம்.

அப்புறம், முகாம் முடிந்ததும் விட்டுவிடாதீர்கள். நாங்கள் அக்டோபர் முதல் வாரத்தில், வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்னால், வீடு வீடாக ஒரு சுற்றுப் போய்வருவோம். டப்பாவைத் திறந்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்போம், டார்ச்சுக்குப் புது பேட்டரி போடுவோம், புயல் சொன்னால் இந்த முறை யார் வீட்டில் தங்கப் போகிறார்கள் என்று பிள்ளையிடமே கேட்டு எழுதிக்கொள்வோம். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த அந்தப் பையன் இப்போது பாலிடெக்னிக்கில் படிக்கிறான். போன அக்டோபர் சுற்றுக்கு அவனே என்னை வண்டியில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வந்தான்.