பரணில் தூங்கும் வெனீரும் அண்ணனின் கிரெடிட் கார்டும்

கேள்வி: ஓய்வு நேரத்தில் மரப்பெட்டிகள் செய்து விற்கிறேன். பலகைமேல் ஒட்டும் மெல்லிய மர இலையான அலங்கார வெனீரைச் சில்லறையாக வாங்குவதைவிட 100 சதுர அடிக் கட்டாக வாங்கினால் 30 சதவீதம் குறைகிறது. கையில் பணம் இல்லாததால் அண்ணனின் கிரெடிட் கார்டில் வாங்கினேன். மாதம் 3 சதவீத வட்டி. குறைந்தபட்சத் தொகையைத்தான் கட்டிவருகிறேன். ஓராண்டில் 40 சதுர அடி தீர்ந்திருக்கிறது. மீதி பரணில் கிடக்கிறது, ஓரங்கள் விரிசல் விடுகின்றன. இதைவிட மலிவாக எங்கே கிடைக்கும்?

பதில்: மலிவான இடத்தைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்தப் பரணைப் பற்றிப் பேச வேண்டும்.

சில்லறையில் ஒரு சதுர அடி 1 பங்கு என்று வையுங்கள். தேவைப்பட்டபோது வாங்கியிருந்தால் 40 பங்கோடு முடிந்திருக்கும். கட்டுக்கு 70 பங்கு கொடுத்தீர்கள். அசல் ஏறக்குறைய அப்படியே நிற்பதால் ஆண்டு வட்டி சுமார் 25 பங்கு. ஆக 95. இதுவரை பயன்பட்ட வெனீருக்குச் சில்லறை விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது. மீதி 60 சதுர அடி இருக்கிறதே என்பீர்கள். அரை மில்லிமீட்டர் கனமுள்ள இலை அது. காய்ந்து வெடித்தால் அதைச் சேமிப்பு என்று எப்படிச் சொல்வது? கார்டு அண்ணனுடையது என்பதுதான் எனக்கு அதிகக் கவலை. தவணை தவறினால் கெடுவது அவருடைய கடன் வரலாறு.

இனி கடனில் ஓர் இலைகூட வாங்காதீர்கள். 'வட்டியில்லாத் தவணை' என்று வரும் விளம்பரங்களையும் நம்பாதீர்கள். செயலாக்கக் கட்டணத்தையும், ரொக்கத்துக்குக் கிடைத்திருக்கும் தள்ளுபடியையும் சேர்த்துப் பார்த்தால் வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்பது தெரியும்.

இப்போது உங்கள் கேள்வி. 30 செ.மீ. நீளம், 20 அகலம், 10 உயரமுள்ள பெட்டியின் மூடிக்கும் நான்கு பக்கங்களுக்கும் 1,600 சதுர செ.மீ. போதும், 2 சதுர அடிகூட இல்லை. இதற்கு எட்டடி இலை எதற்கு? பேனல், கதவு, மேசை செய்யும் பட்டறைகளில் அரையடி, ஒன்றரையடி என்று மிஞ்சும் துண்டுகளைக் கேளுங்கள். அவர்களுக்கு அவை இடத்தை அடைக்கும் கழிவு. உங்களுக்கோ முழு மூடி. வெனீர் விற்பவர்களிடமும் கட்டின் கடைசி இலைகளும் நெளிந்த இலைகளும் விலை குறைத்துக் கிடைக்கும். தண்ணீரும் கிளிசரினும் கலந்து தடவி, இரண்டு பலகைகளுக்கு நடுவே காகிதத்தோடு அடுக்கிப் பாரம் வைத்து, ஈரமாகும் காகிதத்தை மாற்றிக்கொண்டே சில நாள் விட்டால் நெளிவு படிந்துவிடும். பரணில் இருப்பவற்றையும் இப்படி மீட்கப் பாருங்கள். விரிசல் ஓரத்தில்தான் என்றால் அதை நறுக்கிவிட்டு உள்பகுதியை எடுத்துக்கொள்ளலாம்.

விலை உயர்ந்த ரேகையுள்ள இலையை வெளிப்பக்கத்துக்கு மட்டும் வையுங்கள். உள்பக்கத்துக்கு மலிவான சாதா வெனீர் போதும். அதையும் மிச்சம் பிடிக்கிறேன் என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை வளையும்.

விரிசலும் சேதாரமும் போக, பரணில் உள்ளதைக் கொண்டு ஏறக்குறைய 20 பெட்டிகள் செய்யலாம். அவை விற்று வரும் பணம் முழுவதும் அந்த கார்டுக்கே போகட்டும். பாக்கி தீரும்வரை புதிய இலை வேண்டாம். கார்டை இன்றே அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.